ஆற்றின் பக்கக்கால்கள்: மீனுக்கும் பாசனத்திற்கும் பொதுவான வழி

(கிராம புனருத்தாரணப் பிரசங்கம்)



ஆற்று ஜலத்தை வயலுக்குத் திருப்புகிறவனும், அதே ஆற்றில் வலை வீசுகிறவனும் ஒருவருக்கொருவர் விரோதிகள் என்னும் எண்ணம் வெகுகாலமாக இருந்து வருகிறது. அணை கட்டினால் மீன் ஏற முடியாது. மீனுக்காக ஜலம் விட்டால் பயிர் வாடும். ஆகையால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்பது அவ்வெண்ணத்தின் சாரம். இது முழுவதும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. காவிரியே இதற்குச் சாட்சி. கடலிலிருந்து முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறிவரும் உல்ல மீன் ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிகுதியாகப் பிடிபட்டது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. இந்திய நதிகளின் அணைகள் மீன்களின் வழியை மறிப்பதைப் பற்றி 1873-ல் பிரான்ஸிஸ் டே என்னும் மச்ச சாஸ்திரி தமது அறிக்கையில் எழுதி எச்சரித்தார். 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பின்னர் ஆற்றின் வெள்ளப் போக்கு மாறியது. உல்லமும் காவிரியில் அருகிப் போயிற்று.

ஆயினும் இவ்விரோதம் தீராத விரோதந்தானா என்பது ஆராயத்தக்க விஷயம். இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆறு உண்டு. ஐக்கிய அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா ராஜ்யத்தில் ஓடும் ஸாக்ரமெண்டோ நதியே அது. அந்நதிக்கரையாரும் நெல் விளைவிக்கிறவர்கள். அவர்களுக்கும் பெரிய அணை உண்டு, வாய்க்கால்கள் உண்டு, வறட்சியும் உண்டு. மீனுக்காக அவர்கள் கோர்ட்டு வாசல் ஏறினார்கள். பின்னர் அதே மீனுக்காக மண்வெட்டியும் எடுத்தார்கள். அவர்கள் கற்ற பாடம் ஒரு வாக்கியத்தில் அடங்கும். மீனுக்கு வேண்டியது எப்பொழுதும் அதிக ஜலமன்று. தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்க வேகத்தில் ஓடும் ஜலமே. அவ்விடத்தின் பெயர் பக்கக்கால்.

பக்கக்கால் என்பது யாது?

ஆறு என்பது ஒரே கோடாக ஓடும் ஜலமன்று. படுகை அகன்ற இடங்களில் அது இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும். தாய் ஆற்றிலிருந்து பிரிந்து, திட்டுகளையும் நாணற்புதர்களையும் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் தாய் ஆற்றிலேயே சேரும் சிறு ஓட்டத்துக்குப் பக்கக்கால் என்று பெயர். பாசன வாய்க்காலுக்கும் இதற்கும் பெரிய பேதம் உண்டு. வாய்க்காலில் போன ஜலம் வயலில் செலவாகும். பக்கக்காலில் போன ஜலமோ ஆற்றுக்கே திரும்பும். இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னர் வரும் விஷயங்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

நெல் பயிரிடுகிறவர்களுக்குப் பக்கக்காலின் உபயோகத்தைச் சொல்ல வெகுநேரம் பிடிக்காது. விதையை நேரே நடுவயலில் பெரு நீரில் எவனும் இறைக்கமாட்டான். நாற்றங்காலில் விதைத்து, ஜலத்தை அளவாக வைத்து, நாற்றுத் தேறின பிறகே நடவு செய்வான். மீன்குஞ்சுக்கும் அத்தகைய நாற்றங்கால் வேண்டும். தாய் ஆற்றின் நடுவோட்டத்தில் விரலளவுள்ள குஞ்சு எதிர்த்து நிற்க முடியாது. அங்கே ஒளிவதற்கு மறைவில்லை, இரையும் கொஞ்சம், பெரிய மீன்களோ அநேகம். பக்கக்காலில் ஓட்டம் மெதுவாக இருக்கிறது. கரைமரங்களின் நிழலும், நீரில் சாய்ந்த வேர்களும், சருகில் பிறக்கும் புழுபூச்சிகளும் அங்கே உண்டு. குஞ்சு அங்கே தின்று தேறி, பிறகு பேராற்றில் இறங்கும்.

ஸாக்ரமெண்டோவில் இவ்வாறு வளர்கிற முக்கியமான மீன் சினூக் என்னும் ஸால்மன் ஜாதி. இது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பெரும்பாலும் மூன்றாம் வருஷத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பெண் மீன் சுத்தமான சரளைக் கற்களில் வாலால் குழி பறித்து முட்டையிட்டு, சரளையால் மூடிவிட்டுச் சில நாட்களில் இறந்துபோகும். சரளையின் இடுக்குகளில் குளிர்ந்த ஜலம் புகுந்து ஓடினால்தான் முட்டை உயிரோடிருக்கும். ஸாக்ரமெண்டோவில் இலையுதிர்காலம், அதன் பிற்பகுதி, குளிர்காலம், வசந்தகாலம் என நான்கு பருவங்களில் நான்கு கூட்டங்கள் ஆற்றில் ஏறி வருகின்றன. இவற்றுள் குளிர்காலக் கூட்டம் உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இல்லை. இது குளிர்காலத்தில் ஏறி வந்து, கோடையின் நடுவில் முட்டையிடும் விசித்திரமான இனம். ஊற்றுகளால் கோடையிலும் குளிர்ந்திருந்த மக்ளவுட் முதலிய மலையாறுகளே அதற்குப் பிறப்பிடமாக இருந்தன.

தலைகீழான ஆறு

1938 முதல் 1945 வரை ஸாக்ரமெண்டோவின் மேற்பகுதியில் சாஸ்தா அணை கட்டப்பட்டது. அதன் உயரம் 602 அடி. நீர்த்தேக்கம் சுமார் 45 லட்சம் ஏக்கர் அடி ஜலம் கொள்ளும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு விவசாயத்துக்கு இவ்வணை முதுகெலும்பு போன்றது என்பதில் ஐயமில்லை. அதனால் பயன்பெற்ற குடும்பங்கள் அநேகம். ஆனால் அதன் கீழே ஆற்றின் இயற்கை மூன்று விதமாக மாறிற்று.

முதலாவது, மேலேயுள்ள குளிர்ந்த ஆறுகளுக்குப் போகும் வழி மீனுக்கு அடைபட்டது. குளிர்காலக் கூட்டம் முழுவதும் அணைக்குக் கீழே, ரெட்டிங் நகரத்தை ஒட்டிய சில மைல் தூரத்துக்குள் ஒதுங்கிற்று.

இரண்டாவது, சரளை வருவது நின்றது. வெள்ளந்தோறும் மலையிலிருந்து உருண்டு வந்த கற்கள் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டன. அதுவுமன்றி, அணைக்கு வேண்டிய கான்கிரீட்டுக்காக ரெட்டிங் அருகே ஆற்றுப்படுகையிலிருந்தே சரளை வெட்டியெடுத்து, ஏறக்குறைய 10 மைல் நீளமுள்ள ஓடும் பட்டையின் மேலேற்றி அணைக்குக் கொண்டுபோனார்கள். மீன் முட்டையிடும் கல்லே மீனை மறிக்கும் சுவராயிற்று.

மூன்றாவது, ஆற்றின் பருவம் தலைகீழாயிற்று. இயற்கையில் குளிர்காலத்தில் வெள்ளமும் கோடையில் சிறு ஓட்டமும் இருந்தன. அணை வந்த பிறகு கோடையில் பாசனத்துக்காக ஆறு நிரம்ப ஓடுகிறது. விநாடிக்கு 10,000 கன அடியும் அதற்கு மேலும் விடப்படும் மாதங்கள் உண்டு. அறுவடைக்குப் பின் கதவுகள் இறக்கப்பட்டு, ஓட்டம் படிப்படியாகக் குறைந்து விநாடிக்கு 3,250 கன அடி என்னும் கீழ் எல்லைவரை வருகிறது. கோடையில் நிரம்பியிருந்த பக்கக்கால்களின் தலைவாய் அப்பொழுது ஆற்று மட்டத்துக்கு மேலே நின்றுவிடும். அவற்றில் இட்ட முட்டைகள் உலர்ந்துபோகும். குஞ்சுகள் குட்டைகளில் அகப்பட்டுச் சாகும். மேலும், படுகையை அரித்துப் புதிய பக்கக்கால்களை வெட்டிக் கொடுத்த பெருவெள்ளங்கள் அருகிவிட்டபடியால், பழையவை தூர்ந்தனவேயன்றிப் புதியவை உண்டாகவில்லை. கீழ்ப்பகுதியிலோ இருபுறமும் கரை கட்டி ஆற்றை ஒரு வாய்க்கால்போல் ஆக்கிவிட்டார்கள். மத்தியப் பள்ளத்தாக்கில் ஆதியிலிருந்த சதுப்பு நிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இவ்வாறு அழிந்தது.

இதன் பலனைக் கணக்கே சொல்லும். 1969-ல் ஆற்றில் ஏறிய குளிர்காலக் கூட்டம் ஏறக்குறைய 1,17,000 மீன்கள் என்று மதிக்கப்பட்டது. 1994-ல் அது 200-க்கும் கீழே இறங்கிற்று. அவ்வருஷமே அக்கூட்டம் அழியும் நிலையிலுள்ள இனமென்று மத்திய சர்க்காரால் அறிவிக்கப்பட்டது.

வழக்கும் சல்லடையும்

மீன் குறைந்தால் மீன்பிடிப்பவனுக்கு மாத்திரம் நஷ்டம் என்று விவசாயிகள் எண்ணியிருந்தனர். அது தவறென்பதை 1992-ம் வருஷம் அவர்களுக்கு உணர்த்திற்று. ஹாமில்டன் ஸிட்டி என்னும் ஊருக்கருகே கிளென்-கொலூஸா பாசன வட்டாரத்தாரின் இறைப்பு நிலையம் உள்ளது. விநாடிக்கு 3,000 கன அடி வரையில் ஜலம் எடுத்துச் சுமார் 1,40,000 ஏக்கருக்குப் பாய்ச்சும் பெரிய நிலையம் அது. அதன் இயந்திரங்களில் குளிர்காலக் கூட்டத்தின் குஞ்சுகள் இழுக்கப்பட்டு மடிகின்றன என்று மத்திய சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. ஜூலை 15 முதல் நவம்பர் 30 வரையில் ஆற்றிலிருந்து ஜலம் இறைக்கலாகாது என்று கோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது. அக்காலமோ நெற்பயிர் பொதி கட்டி, கதிர் வாங்கி, முற்றும் காலம். கதிர் வாங்கும் பயிருக்கு ஜலத்தை மறிப்பது எத்தகையது என்று குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் இருதரப்பாரும் உடன்பட்டு, கட்டுப்பாடுகளுடன் இறைப்பதற்கு வழி செய்துகொண்டார்கள்.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. அந்த இறைப்பு நிலையம் தாய் ஆற்றின்மேல் இல்லை; ஆற்றின் பழைய வளைவொன்றில், அதாவது ஒரு பக்கக்காலில்தான் இருக்கிறது. 1970-ல் ஆறு அருகிலிருந்த ஒரு வளைவை அறுத்துக்கொண்டு நேரே பாய்ந்தபோது, நிலையத்தின் முன்னிருந்த நீர்மட்டம் சுமார் 3 அடி தாழ்ந்தது. 1972-ல் வைத்த உருளைச் சல்லடைகள் அதனால் சரியாக வேலை செய்யவில்லை. பக்கக்கால் கெட்டபோது மீனும் கெட்டது, பாசனமும் கெட்டது. இரண்டுக்கும் நோய் ஒன்றே. ஆகவே மருந்தும் ஒன்றாயிற்று. தாய் ஆற்றில் கற்சரிவு அமைத்து நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். பக்கக்காலில் சுமார் 1,100 அடி நீளமுள்ள தட்டைச் சல்லடை 2001-ல் முடிக்கப்பட்டது.

இச்சல்லடையின் சூத்திரம் எளியது. இடுக்கு குஞ்சு நுழையாதபடி மிகக் குறுகலாக இருக்க வேண்டும், கலிபோர்னியாவில் 1.75 மில்லிமீட்டர் என்று விதித்திருக்கிறார்கள். சல்லடையை நோக்கி இழுக்கும் வேகம் குஞ்சு எதிர்த்து நீந்தக்கூடிய அளவுக்குள், விநாடிக்கு ஒரு அடியின் மூன்றிலொரு பங்காக இருக்க வேண்டும். இழுப்பைக் குறைக்க வேண்டுமானால் பரப்பைக் கூட்ட வேண்டும். அதனால்தான் அவ்வளவு நீளம். எடுத்தது போக மிகுந்த ஜலம் குஞ்சுகளையும் கொண்டு மறுபடியும் ஆற்றில் சேருகிறது. வட்டாரத்தார் ஜலத்தையும் இழக்கவில்லை, மீனையும் இழக்கவில்லை. இம்மாதிரியே ரெட் பிளப் என்னுமிடத்தில் 1964-ல் முடிந்த திருப்பணையின் கதவுகள் 2011-ல் நிரந்தரமாகத் தூக்கப்பட்டன. 2012 முதல் சல்லடையோடு கூடிய இறைப்பு நிலையம் அவ்வாய்க்கால்களுக்கு ஜலம் கொடுத்து வருகிறது. மீன் தடையின்றி ஏறுகிறது; வாய்க்காலும் ஓடுகிறது.

அடைபட்ட வழியைத் திறந்த விதம்

சல்லடை குஞ்சைச் சாகாமல் காக்கும், வளர்க்காது. வளர்ப்பதற்கு நாற்றங்கால் வேண்டும். ஆகையால் ஸாக்ரமெண்டோ பாசனதாரர்கள் அடுத்த வேலையாகப் பக்கக்கால்களைத் திறக்க முன்வந்தனர். முன்பு வழக்கில் பிரதிவாதியாக நின்ற கிளென்-கொலூஸா வட்டாரத்தாரே இவ்வேலையிலும் முன்னின்றார்கள் என்பது விசேஷம். ரெட்டிங் நகரத்தில் பெயின்டர்ஸ் ரிபிள் என்னும் பக்கக்கால் முன்பு நன்றாய் ஓடிக்கொண்டிருந்து, சரளை மேட்டால் அடைபட்டுக் கிடந்தது. 2014-ல் அது மறுபடியும் திறக்கப்பட்டது. அதன்பின் அதே நகரத்தில் ஸைப்ரஸ் அவென்யூ பாலத்தருகே மற்றொன்று திருத்தப்பட்டது.

திறக்கும் விதம் பின்வருமாறு. முதலில் பழைய வரைபடங்களையும் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களையும் பார்த்து, ஆறு முன்பு எங்கெங்கே பிரிந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். புதிதாக ஒரு காலை வெட்டுவதைவிட, ஆறு தானே வெட்டிய பழைய வழியைத் திறப்பதில் செலவு குறைவு, நிலைப்பதும் அதிகம். அடுத்தது மட்டம் எடுத்தல். இதுவே வேலையின் உயிர். ஆறு நிரம்ப ஓடும் கோடையில் பக்கக்காலில் ஜலம் ஏறுவது பெரிதன்று. கீழ் எல்லையான 3,250 கன அடி ஓடும் குளிர்காலத்திலும் தலைவாயில் ஜலம் நுழைய வேண்டும். அம்மட்டத்துக்குக் கீழே தலைவாயின் அடியை வெட்டித் தாழ்த்தி, கடைவாய் வரையில் ஒரே சரிவாக அடியைச் சீர்ப்படுத்துகிறார்கள். நடுவில் பள்ளம் விட்டால் ஓட்டம் குறையும்போது குஞ்சு அங்கே சிறைப்படும்.

பிறகு கழுவிய சரளையை வேண்டிய இடங்களில் பரப்புகிறார்கள். வேரோடு கூடிய மரக்கட்டைகளை ஓரங்களில் புதைத்து, கரையில் ஆற்றலரி போன்ற நாட்டு மரங்களை நடுகிறார்கள். முட்டை சரளைக்குள் இருக்கும் பருவத்தில் ஆற்றில் இயந்திரம் இறங்கலாகாது என்ற நியமமும் உண்டு. வேலை முடிந்த பின்னர் ஆட்கள் நீரில் மூழ்கிக் குஞ்சுகளை எண்ணிப் பார்த்துக் கணக்கு வைக்கிறார்கள்.

மரமில்லாத ஆழ்ந்த இடங்களுக்கும் ஒரு யுக்தி செய்தார்கள். 2017-ல் ரிவர் கார்டன் பண்ணையைச் சேர்ந்தவர்கள், தோட்டங்களில் காய்த்து ஓய்ந்த வாதுமை மரத்தின் அடிமரங்களையும், அக்ரோட்டு மரத்தின் வேர்க்கட்டைகளையும் எடுத்து, 12,000 பவுண்டு எடையுள்ள பாறைகளில் பூட்டி, அப்படிப்பட்ட 25 மறைவிடங்களை ரெட்டிங் அருகே ஆற்றின் அடியில் இறக்கினார்கள். குளிர்காலக் கூட்டத்தின் குஞ்சுகள் அவ்வேர்களுக்குள் ஒதுங்கி வேகத்தினின்றும் பகைமீன்களினின்றும் தப்பும்படி செய்த ஏற்பாடு இது. வெட்டி எரிக்கப்படவேண்டிய கட்டை மீனுக்கு வீடாயிற்று.

நெல் வயலில் மீன்குஞ்சு

நாற்றங்கால் என்று சொன்னது உவமை மாத்திரமன்று. கலிபோர்னியாவில் 1991-ம் வருஷச் சட்டத்தால் வைக்கோலையும் தாளையும் வயலில் எரிப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அதனால் விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் ஜலம் கட்டித் தாளை அழுகவிட ஆரம்பித்தார்கள். அந்த நீரில் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகின. வாத்து முதலிய பறவைகள் அங்கே இறங்கின. 2012-ம் வருஷத்தை ஒட்டி, யோலோ வெள்ளப்படுகையிலுள்ள நாக்ஸ் பண்ணையில், டேவிஸ் சர்வகலாசாலையாரும் கலிபோர்னியா ட்ரவுட் என்னும் சங்கத்தாரும் அத்தகைய வயல்களில் ஸால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். ஆற்றில் வளர்ந்த குஞ்சுகளைவிட அவை மிக விரைவாகப் பருத்தன. நெல் விளையாத பருவத்தில் வயல் மீனுக்குப் பக்கக்காலின் வேலையைச் செய்தது. கரையால் ஆற்றினின்றும் பிரிக்கப்பட்ட வயல்களில் குஞ்சை விடுவது இயலாதாகையால், அங்கே விளைந்த சிற்றுயிர்களை வடிகால் ஜலத்தோடு ஆற்றில் விட்டு, ஆற்றிலுள்ள மீனுக்கு இரையாக்கும் முறையையும் கையாண்டு வருகிறார்கள்.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

இவ்விஷயத்தைக் கேட்கும் குடியானவர் முதலில் கேட்பது, பக்கக்காலுக்கு விடும் ஜலம் பாசனத்துக்குக் குறைந்துபோகாதா என்பதே. பெரும்பாலும் குறையாது. முன்னே சொன்னபடி அந்த ஜலம் ஆற்றை விட்டு நீங்குவதில்லை. சிறிது சுற்றிக்கொண்டு அதே ஆற்றில், கீழேயுள்ள தலைமதகுக்கு மேலேயே வந்து சேருகிறது. ஆவியாகவும் கசிவாகவும் போவது கொஞ்சமே. ஆனால் தலைமதகுக்கு மேலே பிரிந்து கீழே சேரும்படி அமைத்தால் நஷ்டம் உண்டு. இடம் பார்த்து அமைப்பது அதனாலேயே முக்கியம்.

இரண்டாவது, பக்கக்கால் கொசுவுக்கு இடமாகாதா என்பது. தேங்கின குட்டை கொசுவுக்கும் பகைமீனுக்கும் இடமாகும் என்பது மெய். தலைவாயும் கடைவாயும் திறந்து ஓடும் கால் அவ்விதமாகாது. ஆதலால் பாதி திறந்த பக்கக்கால் திறவாததைவிடக் கெட்டது. வெள்ளத்தில் மணலும் சரளையும் வந்து தலைவாயை மூடுவதும் உண்டு. ஆகையால் ஒருமுறை திறந்துவிட்டு மறந்துவிடலாகாது. வருஷந்தோறும் வாய்க்காலுக்குச் செய்யும் குடிமராமத்துப்போல் இதற்கும் மராமத்து வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் பலமானது. இத்தனை செய்தும் மீன் பெருகிவிட்டதா என்பதே அது. இதற்கு உண்மையான பதில் சொல்வதே முறை. கொடிய வறட்சியில் பக்கக்கால் மாத்திரம் மீனைக் காப்பாற்றாது. கோடையில் முட்டையிடும் குளிர்காலக் கூட்டத்துக்கு ஜலத்தின் உஷ்ணம் 56 பாகைக்கு மேற்படாதிருக்க வேண்டுமென்று ஒழுங்கு வைத்து, அடியிலுள்ள குளிர்ந்த ஜலத்தை எடுத்து விடுவதற்காக 1997-ல் சாஸ்தா அணையில் தனிக் கருவி அமைத்தார்கள். ஆனால் நீர்த்தேக்கமே வற்றினால் குளிர்ந்த ஜலத்துக்கு எங்கே போவது? 2021-ல் அக்கூட்டம் இட்ட முட்டைகளில் குஞ்சாகத் தேறினவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. மறுவருஷமான 2022-ல் பழைய உரிமையுள்ள ஸாக்ரமெண்டோ பாசனதாரர்களுக்கும் ஒப்பந்த அளவில் நூற்றுக்கு 18 பங்கு ஜலமே கிடைத்தது. அவ்வருஷம் கலிபோர்னியாவில் நெல் சாகுபடி வழக்கத்தில் சுமார் பாதியாகச் சுருங்கிற்று. 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருஷங்களும் கலிபோர்னியாக் கடலில் வியாபாரத்துக்காக ஸால்மன் பிடிப்பது அடியோடு நிறுத்தப்பட்டது. வலைஞனும் உழவனும் ஒரே வறட்சியில் ஒருங்கே வாடினார்கள். இருவரும் விரோதிகளல்லர், ஒரே படகில் இருப்பவர்களே என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் பக்கக்கால் வீண் என்று இதனால் முடிவு செய்யலாகாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தலைமுறை மாறும் மீனுக்கு, நல்ல வருஷத்தில் அதிகமான குஞ்சுகள் தேறிக் கடலுக்குப் போனால், கெட்ட வருஷத்தைத் தாங்கும் முதல் கையில் இருக்கும். விதைநெல்லைச் சேர்த்து வைப்பவன் பஞ்சம் வராதென்று சேர்ப்பதில்லை, வருமென்றே சேர்க்கிறான். பழைய பிறப்பிடத்தையும் மறக்கவில்லை. 2022-ல் வின்னெமெம் விந்து என்னும் பூர்விகக் குடிகளோடு சேர்ந்து, அக்கூட்டத்தின் முட்டைகள் சுமார் 40,000 மக்ளவுட் ஆற்றுக்குக் கொண்டுபோகப்பட்டன. அணை எழுந்து ஏறக்குறைய 80 வருஷங்களுக்குப் பின் அவ்வாற்றில் மறுபடியும் குஞ்சுகள் பொரிந்தன.

கிராமத்தார் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டு ஆறுகளில் ஸால்மன் இல்லை. ஆனால் கெண்டை ஜாதிகள் வெள்ளம் பரவிய ஆழமற்ற இடங்களை நாடி முட்டையிடுகின்றன. விரால் செடிகொடி அடர்ந்த ஓரங்களில் குஞ்சைக் காக்கிறது. கோடையில் ஆறு வற்றும்போது எல்லா மீனுக்கும் மடுவும் கசமுமே கதி. ஆகையால் ஸாக்ரமெண்டோவின் மீனை அன்று, அதன் முறையையே எடுத்துக்கொள்ள வேண்டும். அம்முறையைப் பின்வருமாறு சுருக்கிச் சொல்லலாம்.

முதலாவது, ஊருக்கு அருகே ஆறு முன்பு எங்கே பிரிந்து ஓடிற்று என்பதை முதியோரிடம் கேட்டும், பழைய கிராமப் படத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும். தூர்ந்த காலென்று குப்பை கொட்டுவதையும், அதன் தலைவாயில் மணல் வெட்டுவதையும் நிறுத்துவதே பாதி வேலை. மணல் அதிகமாய் வெட்டின ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்து, பாசனத் தலைமதகும் பக்கக்காலும் ஒருங்கே வறண்டுபோகும்.

இரண்டாவது, எவ்வளவு ஜலம் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு மட்டம் என்று கேட்க வேண்டும். ஆற்றில் மிகக் குறைந்த ஓட்டம் உள்ள நாளில் தலைவாயில் ஜலம் நுழைகிறதா என்று ஒருவர் போய் நின்று பார்த்தால், பல காகிதங்களைவிட அது அதிகம் சொல்லும்.

மூன்றாவது, மதகை ஒரே இரவில் அடைத்தால் மீன் குழியில் அகப்படும். படிப்படியாக அடைத்தால் மீன் ஆற்றுக்குத் திரும்பும், பயிருக்கும் கேடில்லை. இதற்குக் காசு செலவில்லை. பழக்கம் ஒன்றே வேண்டும்.

நான்காவது, இயந்திரத்தால் இறைக்கும் இடத்தில் உறிஞ்சுகுழாயின் வாயைப் பெரிய வலைக்கூண்டால் மூட வேண்டும். கூண்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுப்புக் குறையும். குஞ்சும் பிழைக்கும், சருகும் அடையாது.

ஐந்தாவது, ஆற்றோரத்து நாணலையும் மரத்தையும் அடியோடு வெட்டலாகாது. கரையைப் பிடித்து நிற்கும் அதே வேர்தான் குஞ்சுக்கும் மறைவு.

ஸாக்ரமெண்டோ பாசனதாரர்கள் இவற்றைக் கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு கற்றார்கள். அதற்குள் லட்சக்கணக்கிலிருந்த மீன் இருநூறுக்குள் வந்துவிட்டது. வழக்குக்கு முன்னே கற்றுக்கொள்ளும் கிராமத்துக்குச் செலவும் குறைவு, நஷ்டமும் குறைவு. இனி மழை பெய்து ஆறு வடியும்போது, வயலைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றிப் போய், தூர்ந்த காலின் தலைவாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்களாக.